தலைக்கணக்கு

வெள்ளாப்பில் ஜீப்பை விட்டு இறங்கியதும் எண்ணினேன். ஆறு.
போலந்துச் சோடி ஒன்று,
கொழும்பு வங்கி மேலாளரும் அவருடைய மகளும்,
பறவைப் புத்தகத்தை நெஞ்சில் கட்டிய ஜப்பான்காரர்,
கடற்கரைச் செருப்போடு வந்த ஒருவன்.
அவனுடைய பெயர் ஞாபகமில்லை.
செருப்பு ஞாபகமிருக்கிறது.

பாணமைக்கு அங்கால தார் ரோட்டு முடிய
என் ஆங்கிலம் தொடங்கும்.
சென்ட் பூசியவர்கள் பின்னுக்கு வாருங்கள்.
யானையின் காது ஆடினால் பயமில்லை,
காது நின்றால் நாமும் நிற்க வேண்டும்.
கரடிக்கு விதியில்லை,
கரடிக்கு நான் இருக்கிறேன் என்பேன்.
சிரிப்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான்.

இலத்திக்குள் விரல் விட்டுச் சூடு பார்த்தேன்.
என்னிடம் இருப்பதில் துல்லியமான கருவி அந்த விரல்.
வங்கி மேலாளர் கை கொடுக்க யோசித்தார்.

மறுகா நடை.
கிறுகிப் பார்க்காமலே எண்ணத் தெரியும் எனக்கு.
நாலு சோடிச் சப்பாத்துக் கனமாக விழும்,
பிள்ளையின் சப்பாத்தில் மட்டும் ஒரு கிறீச்,
கடைசியில் செருப்பு, டப் டப்.
பாலை மரத்தடியில் ஆறு.
கற்பாறை ஏற்றத்தில் ஆறு.
வீட்டிலும் இரவில் எழும்பி எண்ணுகிறேனாம்,
பாய்க்குப் பாய்.
"மூண்டு பிள்ளையளுக்கு எத்தினை தரம் எண்ணுவீங்க?" என்பாள் சுகிர்தமலர்.

இந்தக் காட்டில் முடியாத கணக்குகள் வேறு உண்டு.
அவற்றை ஆங்கிலத்தில் சொல்ல நான் பழகவில்லை.
தமிழிலும் யாரும் கேட்பதில்லை.

வற்றிய வில்லுக்கரையில் தனியன் நின்றது.
காது நின்றது.
கையை உயர்த்தினேன்.
சப்பாத்துகள் நின்றன, கிறீச் நின்றது, செருப்பு நின்றது.
மண் மட்டும் அதன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது,
தானே அள்ளி, தானே போட்டு.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
ஜப்பான்காரரின் கண்ணில் நீர்.
பிறகு அது எங்களை வேண்டாமென்று விட்டு
வீரைப் பற்றைக்குள் போனது.

திரும்பி, கண்ணால் எண்ணினேன்.
ஏழு.

இன்னொருக்கா எண்ணினேன். ஏழு.
செருப்புக்காரனுக்குப் பின்னால் ஒரு பொடியன்,
காவி வேட்டி, தோளில் சிவப்புத் துணிப்பொட்டலம்,
வெறுங்கால்.
காலடி கேட்டிருக்காது.

"பழுகாமம் அண்ணன். கதிர்காமத்துக்குப் போறன்.
காலில முள்ளுக் குத்தி எடுக்கக்குள்ள
எங்கட ஆக்கள் முன்னால போயிற்றாங்க.
நீங்க வாய்க்குள்ள எண்ணிற்றுப் போனீங்க.
எண்ணுற ஆளுக்குப் பின்னால போனாத் தொலைய மாட்டன் எண்டு..."

"இவர் காசு கட்டினவரா?"
வங்கி மேலாளர் மெதுவாகக் கேட்டார்.
மகள் தன் தண்ணீர்ப் போத்தலை அவனிடம் நீட்டினாள்.
அண்ணாந்து, உதடு படாமல் குடித்தான்.

உகந்தை ரோட்டு வரை ஏழாக நடந்தோம்.
நான் பத்து வருடமாக விளம்பரப் பலகையில் எழுதி வைத்திருக்கும்
சாகசம் என்ற சொல்லை
அவன் நொண்டி நொண்டிக் கடந்தான்.
முன்னால் போன ஆட்கள் ஒரு நிழலில் குந்தியிருந்தார்கள்.
"கிருபாகரன்!" என்று ஒரு பெண் ஏசத் தொடங்கினாள்.
ஓடினான். நொண்டியபடியே ஓடினான்.
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருக்க வேண்டுமென்றுமில்லை.

ஜீப்படியில் இஸ்ஸதீன் இஞ்சினைப் போட்டு வைத்திருந்தான்.
"ஆக்கள் சரியா?"
எண்ணினேன். ஆறு.
சப்பாத்து, சப்பாத்து, சப்பாத்து,
சப்பாத்து, கிறீச், செருப்பு.
காலையில் கொண்டுபோன அதே ஆறு.
கணக்குச் சரி.

ஏறாமல் நின்று இன்னொருக்கா எண்ணினேன்.
செருப்புக்குப் பிறகு
சத்தமில்லாத ஓர் இடம் இருந்தது.

இஸ்ஸதீன் என் முகத்தைப் பார்த்தான்.
அவனும் பொத்துவில்காரன்தான்.
ஒன்றும் கேட்கவில்லை,
இஞ்சினை அணைத்தான்,
ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு
பொறுத்திருந்தான்.